கழுகுப் புத்தகமும் கருவாட்டுப் பார்சலும்

எடிட்டர் போன் செய்தால் நான் எழுந்து நின்றுதான் பேசுவேன். மரியாதை என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் வீட்டில் ஜன்னல் ஓரம் நின்றால்தான் சிக்னல் கிடைக்கும்.

கோடை விடுமுறை தொடங்கிய சமயம். "லீவுல இருக்கறவங்க படிக்க, கேட்க, பார்க்க… மனசுக்கு உற்சாகம் தர்ற மாதிரி புத்தகம், பாட்காஸ்ட், இன்டர்நெட் சமாசாரம் எல்லாம் சேர்த்து ஒரு பத்தி எழுதுங்களேன்" என்றார்.

"உற்சாகமா? எங்க காரைக்கால்ல அதுக்குத் தெருவுக்குத் தெரு கடை இருக்கே சார். விலையும் உங்க ஊரைவிடக் குறைச்சல்."

"அந்த உற்சாகம் இல்லை. படிக்கிற உற்சாகம்."

"அதுக்கு ஏன் சார் என்னைப் பிடிச்சீங்க?"

"மத்த எல்லாரும் லீவுல போயிட்டாங்க."

இதைவிட நேர்மையான பாராட்டு எனக்கு இதுவரை கிடைத்ததில்லை. ஒப்புக்கொண்டேன்.

ஒப்புக்கொண்ட பிறகுதான் விஷயம் உறைத்தது. உற்சாகத்துக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்? என் முகத்தைப் பற்றி இந்தப் பக்கத்திலேயே முன்பு எழுதியிருக்கிறேன். சிரித்தால்கூட யாராவது "என்ன சார், வீட்ல எல்லாரும் சௌக்கியம்தானே?" என்று கேட்கிற முகம். நான் உற்சாகப் புத்தகம் தேடுகிறேன் என்று மனைவியிடம் சொன்னபோது, அவள் அரிவாள்மணையில் நறுக்குவதை நிறுத்திவிட்டு ஒரு தரம் பார்த்தாள். "உங்களை மொதல்ல ஒரு மாசம் படிக்கச் சொல்லிப் பார்க்கலாம். உங்களுக்கே வேலை செஞ்சா, அப்புறம் யாருக்கும் செய்யும்."

அது ஆபத்தான யோசனை. என்மேல் பரிசோதித்தால் மருந்து தோற்றுவிடும். வேறு ஆள் வேண்டும். லீவில் இருக்கிற ஆள்.

வந்து சேர்ந்தான் ஹாஜா.

(ஹாஜா அவன் நிஜப் பெயர் இல்லை. இந்தப் பத்தியில் வரும் எல்லார் பெயரையும் மாற்றியிருக்கிறேன். தெருவையும் சொல்லமாட்டேன். எங்கள் ஊரில் தெருவைச் சொன்னால் மூக்கு, முழி வரை ஆளைச் சொல்லிவிடுவார்கள்.)

ஹாஜா என்னோடு ஆறாம் வகுப்பிலிருந்து படித்தவன். துபாயில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். சிமென்ட் மூட்டை முதல் ஸ்குரூ வரை அவனைக் கேட்காமல் வெளியே போகாது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை லீவில் வருவான். ஒவ்வொரு லீவிலும் வீட்டில் கொஞ்சம் கட்டுவான். கீழ்த்தளம் ஒரு லீவு. மாடிப்படி ஒரு லீவு. இப்போது மாடியில் கம்பிகள் மட்டும் வானத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டு நிற்கின்றன.

வளைகுடாவிலிருந்து லீவில் வருகிறவனுக்கு எங்கள் ஊரில் நடக்கிற உபசாரம் உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. முதல் வாரம் பூராவும் ஒரே கேள்விதான்: "எப்ப வந்தீங்க?" இரண்டாவது வாரத்திலிருந்து கேள்வி மாறிவிடும்: "எப்ப பயணம்?"

பயணம் என்றால் திரும்பிப் போவது. தேதி மட்டும் வாயிலிருந்து வந்துவிட்டால் போதும், தெரு முழுக்க அம்மிக்கும் மிக்ஸிக்கும் வேலை வந்துவிடும். அங்கே இருக்கிற மகனுக்கு, மருமகனுக்கு, தம்பிக்கு என்று பொட்டலங்கள் கிளம்பும். மசாலாத்தூள், நார்த்தங்காய் ஊறுகாய், கருவாடு, முறுக்கு, பிள்ளைகள் போட்டோ, மூட்டுவலித் தைலம். எல்லாம் துணியில் தைத்து, மேலே பெயர் எழுதி, போகிறவன் தலையில் ஏறும். மாட்டேன் என்று சொல்லக்கூடாது. இவன் வீட்டுப் பொட்டலத்தை நேற்று இன்னொருத்தன் சுமந்திருப்பான் அல்லவா?

ஆனால் ஹாஜா இதில் மகா கறார். அவன் வீட்டு வாசல் நிலையில் ஓர் ஆணி. ஆணியில் கொக்கி வைத்த ஸ்பிரிங் தராசு. அதில் தொங்காமல் எந்தப் பொட்டலமும் உள்ளே போனதில்லை.

"ஒரு கிலோன்னீங்க மாமி. முள்ளு எங்கே நிக்குது பாருங்க. ஊறுகாயைக் குறைங்க."

"அது எண்ணெய் வெயிட்டு தம்பி."

"அப்ப எண்ணெயைக் குடிச்சிட்டு மிச்சத்தைக் குடுங்க."

விமானத்தில் எடை கூடினால் அவன்தானே அவஸ்தைப்பட வேண்டும்? தெருவில் திட்டிக்கொண்டே குறைப்பார்கள்.

அந்த ஹாஜாதான் இந்த முறை வந்திருந்தான். முன்னைப்போல இல்லை. பேச்சு குறைந்திருந்தது. கன்னம் ஒட்டியிருந்தது. "என்னடா மாப்ள, டல்லா இருக்கே?" என்றேன். "வெயில்டா" என்றான். துபாயில் இல்லாத வெயிலா என்று நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. எனக்குத் தோன்றியதெல்லாம் ஒன்றுதான்: லீவில் இருக்கிறான், டல்லாக இருக்கிறான்… பரிசோதனை எலி வீடு தேடி வந்திருக்கிறது!

மூன்று மருந்துகள் தயார் செய்தேன்.

முதலாவது, புத்தகம். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கிற கடையில் தன்னம்பிக்கைப் புத்தகங்கள் ஒரு சுவர் முழுக்க அடுக்கியிருந்தன. "எதுங்க நல்லா போகுது?" என்று கேட்டேன். "கழுகு படம் போட்டதெல்லாம் போகுது சார். போன வருஷம் குதிரை ஓடிச்சு" என்றார் கடைக்காரர். கழுகு ஒன்று வாங்கினேன். மலை உச்சியில் சிறகு விரித்து, கீழே இருக்கிற நம்மையெல்லாம் அலட்சியமாகப் பார்க்கிற கழுகு.

இரண்டாவது, பாட்காஸ்ட். தெரியாதவர்களுக்கு: யாரோ ஒருவர் தன் வீட்டில் உட்கார்ந்து மைக்கில் பேசி இன்டர்நெட்டில் போட்டுவிடுகிறார். நாம் அதை இறக்கி, நமக்குத் தோதான நேரத்தில் கேட்டுக்கொள்ளலாம். ரேடியோவுக்குக் கால் முளைத்த மாதிரி. என் அக்கா மகன் எனக்குத் தள்ளிவிட்ட, விரல் நீளத்துக்கு ஓர் எம்பி3 பிளேயர் இருந்தது. பிரவுசிங் சென்டர் செல்வத்திடம் கொடுத்து, உற்சாகப் பேச்சாக இறக்கித் தரச் சொன்னேன். எல்லாப் பேச்சும் ஒரே மாதிரிதான் தொடங்கியது: "வணக்கம் நண்பா! இன்று உன் நாள்!" எல்லா நாளும் இந்த நண்பனுடைய நாளாகவே போய்விட்டால் மற்றவர்கள் குளிப்பது, சாப்பிடுவது எல்லாம் எப்போது? கேட்க ஆளில்லை. விட்டுவிட்டேன்.

மூன்றாவது, மெயில். சூரியன் உதிக்கும். குழந்தை சிரிக்கும். நாய்க்குட்டி பந்து தள்ளும். நடுநடுவே 'விழுவது எழுவதற்கே' என்று எழுத்துகள் பறந்து வரும். இப்படிப் படக்கோப்புகள் எனக்குத் தினமும் யாராவது அனுப்புவார்கள். நான் திறக்காமலேயே தூக்கிப் போடுகிற ஜாதி. இப்போது ஒன்று விடாமல் ஹாஜாவுக்குத் தள்ளினேன். காலையில் ஒன்று. மாலையில் ஒன்று. ஆகாரத்துக்குப் பின்.

மருந்து பிடித்துக்கொண்டது பாருங்கள்!

நாலே நாளில் ஹாஜா காதில் ஒயர் இல்லாமல் வெளியே வருவதில்லை. கடைத்தெருவில் போனாலும் ஒயர். பள்ளிவாசலிலிருந்து திரும்பும்போதும் ஒயர். வீட்டுக்குப் போனால் ஈஸிசேரில் கழுகுப் புத்தகம் விரிந்திருக்கும், பின்னால் ஹாஜா. சாயங்காலமானால் செல்வம் கடைக்குப் போய் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிடுகிறான் என்று கேள்வி. நான் பூரித்துப் போனேன். பத்தியின் முதல் வரியைக்கூட எழுதிவிட்டேன். 'வாசகர்களே, ஒரு நல்ல புத்தகம் மனிதனை என்னவெல்லாம் செய்யும் தெரியுமா?'

தெரியவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

அந்தப் பூரிப்பில் ஒரு காரியம் செய்தேன். ஹாஜாவும் நானும் தெருவில் நடந்து போகிறோம். எதிரே சபியாம்மா. அவருடைய ஒரே மகன் ஜக்கரியா துபாயில் வேறொரு கம்பெனியில் கம்பி கட்டுகிறான். "ஹாஜா தம்பி, எப்ப பயணம்?" என்றார். ஹாஜா காதில் ஒயர். தலையை ஆட்டிக்கொண்டே நடந்தான். பாவம், பாட்காஸ்டில் ஆழ்ந்திருக்கிறான், தொந்தரவு செய்வானேன் என்று நான் பதில் சொன்னேன்.

"பதினஞ்சாந் தேதி கிளம்பிடுவான்ம்மா!"

எந்தப் பதினைந்து? எவன் சொன்னான்? யாரும் சொல்லவில்லை. வாய் இருந்தது, சொன்னேன். லீவு என்றால் இரண்டு மாதம்தானே இருக்கும் என்று மனக்கணக்கு வேறு.

மறுநாளே பொட்டலங்கள் வர ஆரம்பித்துவிட்டன.

நான் போனபோது கூடத்துக் கட்டிலுக்கு அடியில் ஒரு வரிசை சேர்ந்திருந்தது. கட்டிலுக்கு மேலே இன்னொரு வரிசை. முதல் ஆளாக வந்தது சபியாம்மாவின் கருவாடுதான். வீடு முழுக்க அதன் ராஜ்யம். ஹாஜா ஈஸிசேரில் புத்தகத்துக்குப் பின்னால். யார் வந்து எதை நீட்டினாலும், "வச்சுட்டுப் போங்க மாமி" என்கிறான். ஊறுகாய் பாட்டில் இரண்டு வந்தது. "வச்சுட்டுப் போங்க." ஒரு குத்துவிளக்கு கனத்துக்கு எதையோ மூட்டை கட்டிக்கொண்டு வந்தார் ஒருத்தர். "வைங்க." தராசு பாட்டுக்கு ஆணியில் சும்மா தொங்குகிறது.

அசந்துவிட்டேன். கழுகுப் புத்தகத்தில் 'கொடுத்துப் பழகு' என்று ஓர் அத்தியாயம் இருக்கிறது. அதுதான் வேலை செய்கிறது என்று நினைத்தேன். ஹாஜாவின் மனைவி ரஹ்மத்து, ஒவ்வொரு பொட்டலத்தையும் வாங்கிப் பேசாமல் அடுக்கிக்கொண்டிருந்தது. "பார்த்தியாம்மா, மனுசன் எப்படி மாறிட்டான்!" என்றேன்.

"ஆமாண்ணே" என்றது ரஹ்மத்து.

வெற்றியை உறுதி செய்துகொள்ளலாம் என்று செல்வம் கடைக்குப் போனேன். எந்த எந்த உற்சாகத் தளங்களை ஹாஜா விரும்பிப் பார்க்கிறான் என்று பட்டியல் எடுத்துவிட்டால் பத்தி முடிந்தது.

"எந்த சைட்டும் பார்க்கிறதில்லையே சார்" என்றார் செல்வம். "மெயிலைத் திறப்பாரு. அதையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருப்பாரு. அப்பப்ப புதுசா ஏதும் வந்திருக்கான்னு எஃப்-அஞ்சு பட்டனைத் தட்டுவாரு. திரும்பப் பார்ப்பாரு. நேரம் ஆனா எழுந்து போயிடுவாரு."

"அவ்வளவுதானா?"

"ஒரு நாள் மட்டும் 'வந்துடுச்சு செல்வம், வந்துடுச்சு'ன்னு எழுந்தே நின்னுட்டாரு. நானும் ஓடிப்போய்ப் பார்த்தேன். திறந்தா… சூரியன் உதிக்குது. நாய்க்குட்டி பந்து தள்ளுது. அன்னிக்கு அவர் மொகத்தைப் பார்க்க முடியலை சார். இப்ப தினமும் ரெண்டு வேளை அதேதான். புதுசா ஒண்ணுன்னு காட்டும், அவசரமாத் திறப்பாரு, சூரியன் உதிக்கும். எவன் சார் வேலையத்துப்போய் இந்த மாதிரி அனுப்பறது?"

"தெரியலையே" என்றேன்.

வேறு என்ன சொல்லச் சொல்கிறீர்கள்?

கடற்கரைக்குப் போனேன். அரசலாறு கடலில் விழுகிற பக்கம், கருங்கல் கொட்டியிருக்கிற இடத்தில் உட்கார்ந்திருந்தான். காதில் ஒயர். பக்கத்தில் உட்கார்ந்து, ஒன்றைப் பிடுங்கி என் காதில் வைத்தேன். அலைச் சத்தம் மட்டும் கேட்டது. அதுவும் இன்னொரு காது வழியாக.

"என்னடா, ஒண்ணும் ஓடலை?"

"சார்ஜ் இல்லை."

"எப்பலேருந்து?"

"நீ குடுத்த மறுநாள்லேருந்து."

"அப்புறம் எதுக்குடா மாட்டிக்கிட்டுத் திரியறே?"

"காதுல ஒயர் இருந்தா எவனும் எப்ப பயணம்னு கேக்கறதில்லைடா."

ஒயரை அவன் காதிலேயே திருப்பி மாட்டிவிட்டேன்.

"புத்தகம்?"

"அது வீட்டுக்கு. முன்னாடி பிரிச்சு வச்சுக்கிட்டா, படிக்கிறாருன்னு ரஹ்மத்து பேச்சுக் குடுக்காது."

பிறகு அவனே சொன்னான். துபாயில் கட்டட வேலை நின்றுவிட்டதாம். கிரேன்கள் தூக்கிய கை தூக்கியபடி நிற்கின்றனவாம். ஒவ்வொருத்தராக உள்ளே கூப்பிட்டு, 'லீவில் போ, வேலை தொடங்கினதும் மெயில் அனுப்புகிறோம், அப்போது வா' என்றார்களாம். சம்பளம் இல்லாத லீவு. முடிவு இல்லாத லீவு.

"வேலை போயிடுச்சுன்னு சொன்னாலும் அழுது முடிச்சிட்டு வேற பார்க்கலாம். போகலை. இருக்குன்னும் சொல்ல முடியலை. லீவுன்னுதான்டா சொல்றான். நானும் அதைத்தான் எல்லார்கிட்டயும் சொல்றேன். நான் பொய் சொல்லலை இல்ல?"

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேடா."

"எழுதிடுவே."

நியாயம்தான்.

"சபியாம்மாகிட்ட பதினஞ்சாந் தேதின்னு எவனோ சொல்லியிருக்கான்" என்றான். "அவன் யாருன்னு தெரிஞ்சா…"

"நான்தான்."

திரும்பிப் பார்த்தான். அடிப்பான் என்று நினைத்தேன். சிரித்தான். அந்தச் சிரிப்புக்கு அடியே மேல். "சரி, நல்லதாப் போச்சு. பதினஞ்சாந் தேதி கார் சொல்லிட்டேன். மெட்ராஸ் போறேன். மண்ணடில ஒரு ரூம் எடுத்து உட்கார்ந்துக்கறேன். மெயில் வந்தா அப்படியே பிளேன் ஏறிடலாம். ரஹ்மத்துகிட்ட வாயைத் திறந்துடாதே."

"வரலைன்னா?"

"கருவாட்டை எல்லாம் கூரியர்ல அனுப்பிடறேன்."

கேட்டது அது இல்லை என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஏதாவது தெம்பாகச் சொல்ல வேண்டுமே! கழுகுப் புத்தகத்தின் பின்னட்டையை ஞாபகப்படுத்திக்கொண்டு ஆரம்பித்தேன். "மாப்ள, புயல் வந்தா மத்த பறவையெல்லாம் ஒதுங்கும். கழுகு மட்டும் அதுக்கு மேல ஏறி…"

"பிளேனும்தான் மேல ஏறுது. என்னை ஏத்திக்க மாட்டேங்குதே."

நண்பர்களே, அன்று இரவு நான் அந்தப் புத்தகத்தைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். எழு, ஓடு, பற, முட்டு, மோது என்று பக்கத்துக்குப் பக்கம் கட்டளை. விழுந்தவனுக்கு வைத்தியம் உண்டு. ஓடத் தெரியாதவனுக்குப் பயிற்சி உண்டு. 'இரு, கூப்பிடுறோம்' என்று சொல்லி உட்கார வைக்கப்பட்டவனுக்கு…? ஒரு பாராகூட இல்லை. வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு, உள்ளேயும் போகாமல் வெளியேயும் போகாமல் நிற்கிறவனிடம், 'இன்று உன் நாள்' என்று காதுக்குள் கத்தினால் அவன் என்ன செய்வான்? சார்ஜ் தீரட்டும் என்று விட்டுவிடுவான். அதுதான் நடந்தது.

ஆனால் ஒன்று. ரஹ்மத்துக்குத் தெரியாமல் இவன் மண்ணடிக்குப் போய் உட்காருவதாவது! அந்தப் பெண் இங்கே, புருஷன் துபாயில் இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டு… கொஞ்சம் துப்பறிந்து பார்க்கலாம் என்று வெள்ளிக்கிழமை, ஹாஜா ஜும்ஆத் தொழுகைக்குப் போயிருக்கிற நேரமாகப் பார்த்து வீட்டுக்குப் போனேன். புத்தகத்தைத் திருப்பி வாங்க வந்த மாதிரி வாசலிலேயே நின்றுகொண்டேன்.

ரஹ்மத்து புத்தகத்தைக் கொண்டுவந்து நீட்டியது. "எடுத்துட்டுப் போங்கண்ணே. அதுல ஒரே பக்கத்தைத்தான் தெனமும் பாக்கறாரு."

நான் கனைத்தேன். "பயணத்துக்கு எல்லாம் ரெடியாம்மா?"

ரஹ்மத்து என்னைப் பார்க்கவில்லை. என் தலைக்கு மேலே நிலையைப் பார்த்தது. நானும் நிமிர்ந்து பார்த்தேன். தராசு. கொக்கிக்கும் ஆணிக்கும் நடுவில் ஒரு சிலந்தி வலை கட்டியிருந்தது.

"ஒரு பார்சலைக்கூட எடை போடலைண்ணே" என்றது ரஹ்மத்து. "சபியாம்மா கருவாட்டை அப்படியே வச்சுட்டுப் போங்கன்னாரே, அப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. போற மனுசன் எடை பாப்பாரு."

என் கையில் கழுகு கனத்தது. நான் அதையேதான் பார்த்தேன். அதே தராசு, அதே பொட்டலம். எனக்குத் தெரிந்தது அத்தியாயம். ரஹ்மத்துக்குத் தெரிந்தது புருஷன்.

"ஏம்மா நீ கேட்கலை?"

"கேட்டா உடைஞ்சு போயிடுவாரு. அவராச் சொல்லட்டும்னு இருக்கேன். தெனமும் சாப்பாடு போடுறப்ப, இப்ப சொல்லுவாரு, இப்ப சொல்லுவாருன்னு பாக்கறேன். புத்தகத்தை எடுத்து விரிச்சுக்கறாரு." துப்பட்டியின் ஓரத்தை இழுத்துக்கொண்டது. "நீங்க சொல்லிடாதீங்கண்ணே. உங்க வாயி…"

மரியாதை தெரிந்த பெண். அத்தோடு நிறுத்திக்கொண்டது.

என் நிலைமையைப் பாருங்கள். அவன் சொல்லாதே என்கிறான். அது சொல்லாதே என்கிறது. ஒரே கூரைக்கு அடியில் இரண்டு பேரும் ஒரே விஷயத்தை ஒருத்தருக்கொருத்தர் தெரியாமல் பொத்தி வைத்துக்கொண்டு சோறு தின்கிறார்கள். நடுவில் ரகசியத்துக்குக் காவல் யார்? ஊரிலேயே ஓட்டை வாய்!

பதினைந்து நெருங்கிவிட்டது. கார்க்காரர் காலையில் எத்தனை மணிக்கு வரட்டும் என்று கேட்டுவிட்டுப் போனாராம். டீக்கடையில் ஹாஜா இதைச் சொன்னபோது என்னால் தாங்க முடியவில்லை. சொல்லக்கூடாது. ஆனால் கேட்கலாம் அல்லவா?

"ஏன்டா, பார்சலை எல்லாம் எடை போட்டியா?"

கிளாஸ் வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது.

"இல்லை."

"ஒண்ணைக்கூடவா?"

"…இல்லை."

"சும்மா கேட்டேன்."

ஹாஜா என்னையே பார்த்தான். நான் டீயைப் பார்த்தேன். "ரஹ்மத்துதானே எல்லாத்தையும் வாங்கி வச்சுச்சு" என்று அவனுக்கு அவனே சொல்லிக்கொண்டான். கிளாஸை வைத்தான். காதிலிருந்து ஒயரைக் கழற்றி, விரலில் நிதானமாகச் சுற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். எழுந்து வீட்டுப் பக்கம் நடந்தான்.

வீட்டில் என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது. கேட்கவுமில்லை. கேட்டிருந்தால் எழுதியிருப்பேன்.

மறுநாள் சாயங்காலம் போன். "வாடா. தூக்கணும்."

போனேன். ஹாஜா இரண்டு பை. நான் இரண்டு பை. ரஹ்மத்து முன்னால். வீடு வீடாகப் போய் ஹாஜா ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னான். "பயணம் இல்லை மாமி. கம்பெனி கூப்பிடலை. வேற யாராவது போனா குடுத்து விடுங்க."

அவன் அழவில்லை. குரல்கூட மாறவில்லை. எதிரே நின்றவர்கள் முகம்தான் மாறியது. ஒரு வீட்டில் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு கதவை மெல்லச் சாத்தினார்கள். ஒரு வீட்டில், "வீட்டுக்கே வச்சுக்குங்க, புள்ளைங்க திங்கட்டும்" என்றார்கள். ரஹ்மத்து வேண்டாம் என்று சொல்வதற்குள் ஹாஜா தலை குனிந்துவிட்டான். இன்னொரு வீட்டில் பெரியவர் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அதன்மேல் எழுதியிருந்த தன் மகன் பெயரையே பார்த்தார். "அப்ப… எங்க ஆளுக்கு?" என்றார். அங்கே எந்தக் கம்பெனியில் எந்தக் கிரேன் எப்போது நிற்கும் என்று யாருக்குத் தெரியும்? என் பையில் ஊறுகாய் எண்ணெய் கசிந்து சட்டையெல்லாம் வழிந்தது. சாதாரண நாளாக இருந்தால் அதை வைத்தே ஒரு பத்தி தேற்றியிருப்பேன்.

கடைசி வீடு சபியாம்மா.

கருவாட்டை வாங்கிக்கொண்டார். ஹாஜா வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார். முகமெல்லாம் சிரிப்பு.

"அல்லா பார்த்துத்தான் செய்யறான் தம்பி! நானே இதைத் திருப்பிக் கேட்கணும்னு இருந்தேன். ஜக்கரியா வர்றான்! நேத்துத்தான் போன் பண்ணினான். இன்னும் ரெண்டு வருசம் முடியலையேடான்னேன். 'கம்பெனியிலேயே லீவு குடுத்துட்டாங்க உம்மா'ன்னான். கேக்காமலே குடுத்திருக்காங்க பாருங்க!"

ரஹ்மத்துதான் கேட்டது. "எத்தனை நாள் லீவும்மா?"

"அதெல்லாம் ஒண்ணும் சொல்லலை. அவங்களே கூப்பிடுவாங்களாம்."

என் வாய் உங்களுக்குத் தெரியும். அன்றைக்கு அது திறக்கவில்லை.

"வரட்டும்மா" என்றான் ஹாஜா. "நல்லபடியா வரட்டும்." பயணம் இல்லை என்ற வாக்கியத்தை மட்டும் அந்த வீட்டில் அவன் சொல்லவேயில்லை.

திரும்பி நடந்தோம். மாடிக் கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கிற வீடுகளாகவே கண்ணில் பட்டன. இந்தத் தெருவில் இத்தனை இருக்கின்றன என்று அன்றுதான் பார்க்கிறேன். ரஹ்மத்து முன்னால் போய்விட்டது.

எடிட்டரின் விடுமுறைச் சிறப்பிதழ் எப்போதோ வந்து, விற்று, இந்நேரம் கடைகளில் பொட்டலம் கட்டப் போயிருக்கும். என் பத்திதான் இப்போது வருகிறது. எழுதட்டுமா என்று அன்று நடக்கும்போதே ஹாஜாவிடம் கேட்டேன். "பேரை மாத்திக்க" என்றான்.

வீட்டு முனையில் நின்றான். சட்டைப்பையிலிருந்து எம்பி3 பிளேயரை எடுத்து என் கையில் வைத்தான்.

"ஜக்கரியா வந்ததும் அவன்கிட்ட குடு."

"சரிடா. செல்வத்துகிட்ட சொல்லி, சார்ஜ் போட்டு, புதுசா நாலு நல்ல பேச்சா இறக்கி…"

"அதெல்லாம் வேணாம்" என்றான் ஹாஜா. "ஒயரு நல்லா இருக்கான்னு மட்டும் பாரு."